குமிழி பிரேக்கிலிருந்தா, கருவியிலிருந்தா? சைக்கிள் ஹைட்ராலிக் பிரேக்குக்கான பிளீடிங் பெட்டி ஒன்றின் மதிப்பீடு

இணைய விற்பனைத் தளம் ஒன்றில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய பிளீடிங் பெட்டி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. சைக்கிளின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றி, பழைய எண்ணெயை மாற்றுவதற்குத் தேவையான சிரிஞ்சுகள், புனல், குழாய்கள், இணைப்பிகள் எல்லாம் இந்த ஒரே பெட்டியில் வருகின்றன. இதே பெட்டி வெவ்வேறு பெயர்களை ஒட்டிக்கொண்டு வெவ்வேறு விலைகளில் விற்கப்படுவதால், என்னிடம் வந்ததன் மேல் என்ன பெயர் இருந்தது என்று சொல்வதில் பயனில்லை. உள்ளே இருப்பவற்றை விவரித்தாலே வாங்க நினைப்பவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷிமானோ, டெக்ட்ரோ போன்ற, மினரல் ஆயில் எனப்படும் பெட்ரோலிய வகை எண்ணெயில் இயங்கும் பிரேக்குகளுக்கு இந்தப் பெட்டி, சில சிறு திருத்தங்களோடு, நன்றாகவே உழைக்கிறது. டாட் (DOT) எனப்படும் கிளைக்கால் வகைத் திரவத்தில் இயங்கும் பிரேக்குகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பிளீடிங் செய்யும்போது சிரிஞ்சுக்குள் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும் குமிழிகளில் பெரும்பகுதி, கருவியின் மூட்டுகள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதால் உண்டாகிறது. ஆகவே இத்தகைய பெட்டியை வாங்குபவர்கள் அதில் எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதைவிட, அவற்றின் மூட்டுகள் எவ்வளவு இறுக்கமாக அமைகின்றன என்று பார்ப்பதே முக்கியம்.

சமதளமான சென்னையில் சைக்கிளுக்கு ஹைட்ராலிக் பிரேக் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வரும் எங்கள் குழுவினருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. குறுக்கே நாய் பாயும்போதும், முன்னால் போகும் ஷேர் ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் இடப்பக்கம் ஒதுங்கும்போதும், ஒரு விரல் அழுத்தத்தில் சைக்கிள் நிற்க வேண்டியிருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமையான தேவை. தொடர்ந்து பிரேக் பிடித்தபடி இறங்கும்போது, சக்கரத்தருகே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதியான கேலிப்பர் சூடேறி, அதற்குள் தங்கியிருக்கும் காற்றும் விரிவடைவதால், மலையுச்சியில் ஓரளவு கிண்ணென்று இருந்த லீவர் பாதி வழியில் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடக்கூடும். பிளீடிங் தெரிந்த கடைகள் நகரில் இருக்கின்றன. இருந்தாலும் வார இறுதி நெரிசலில் சைக்கிளை அங்கே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருப்பதாலும், கையிலிருக்கும் பிரேக்கின் நிலையை நாமே அறிந்திருப்பது பாதுகாப்பு என்பதாலும், இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்வதை நான் விரும்புகிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கோளாறு காற்றினால்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெட்டியோடு வரும் குறிப்புத்தாள் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது என் முதல் குறை. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்றோ அழுத்தம் இருமடங்கானால் பாதியாகச் சுருங்கிவிடும். லீவரை முழுவதும் பிடித்தாலும் குழாய்க்குள் தள்ளப்படும் எண்ணெய் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டருக்குள்தான் என்பதால், அதில் கடுகளவு காற்று கலந்திருந்தாலே விரலுக்குத் தெரிந்துவிடும். லீவர் தொளதொளவென்று உள்ளே போய், நான்கைந்து முறை வேகமாக அழுத்தியதும் இறுகி, சிறிது நேரம் விட்டுப் பிடித்தால் மறுபடியும் தொளதொளவென்று ஆனால், உள்ளே காற்று இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். லீவரைப் பிடித்தபடியே வைத்திருக்கும்போது அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது லீவருக்குள்ளே இருக்கும் சீல் தேய்ந்திருக்கிறது. அதற்கு எத்தனை முறை பிளீடிங் செய்தாலும் பலன் இருக்காது. லீவர் நெடுந்தூரம் போனாலும் பிடிக்கும் இடத்தில் கெட்டியாக நின்றால், டிஸ்க்கை அழுத்தும் பேடு தேய்ந்திருக்கலாம் அல்லது அந்தப் பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் அளவுக்கு மீறிப் பின்வாங்கியிருக்கலாம். லீவர் கிண்ணென்று இருந்தும் சைக்கிள் நிற்கவில்லை, கூடவே கிறீச்சென்ற சத்தமும் வருகிறது என்றால், பேடில் எண்ணெய் பட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இவற்றில் முதல் நிலைக்கு மட்டும்தான் இந்தப் பெட்டி மருந்து.

இனிப் பெட்டிக்குள் இருப்பவற்றைப் பார்க்கலாம். திருகிப் பூட்டும் முனையுடைய இரண்டு பெரிய சிரிஞ்சுகள், ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்கள், லீவரின் மேல் பொருத்தும் புனலும் அதை அடைக்கும் கோலும், பித்தளையிலான இணைப்பிகள், பிஸ்டன்களுக்கு நடுவே வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள், சில எல்-கீகள், ஒரு சிறிய ஸ்பேனர், கையுறைகள், ஒரு புட்டி எண்ணெய். சிரிஞ்சின் முனை திருகிப் பூட்டும் வகையாக இருப்பது இந்தப் பெட்டியின் மிகப் பெரிய நற்குணம். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரணச் சிரிஞ்சில் முனையை வெறுமனே செருகுவதால், அழுத்தம் ஏறும்போது அது நழுவி, சுவரெல்லாம் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. புனலும் நன்றாக அமைந்திருக்கிறது. அதன் அடைப்புக்கோலின் நுனியில் உள்ள ரப்பர் வளையம் சரியான தடிமனில் இருப்பதால், வேலை முடிந்து புனலைக் கழற்றும்போது எண்ணெய் லீவரின் மேல் வழிவதில்லை. இணைப்பிகள் பித்தளையாக இருப்பதும் நல்லதே. ஆனால் லீவரின் மரை மென்மையான அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கக்கூடும் என்பதால், அவற்றை விரலால் மட்டுமே திருக வேண்டும், கருவி கொண்டு முறுக்கக் கூடாது. காற்று வெளியேறும் துளையை மூடும் சிறு திருகுக்கு ஷிமானோ சொல்லும் இறுக்கம் 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர்தான். அதாவது எல்-கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாலே போதும்.

குறை தொடங்குவது குழாயில். கேலிப்பரின் நிப்பிளில், அதாவது எண்ணெய் போய்வரத் திறந்து மூடும் சிறு முனையில், மாட்ட வேண்டிய குழாயின் உட்துளை தேவையைவிடச் சற்றே அகலமாக இருக்கிறது. மாட்டியதும் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றும். சிரிஞ்சைத் தள்ளும்போதும் பெரிதாகக் கசியாது. ஆனால் சிரிஞ்சை வெளியே இழுத்த மாத்திரத்தில், நிப்பிளுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளி வழியாகக் காற்று உள்ளே நுழைந்து, மணிமணியாகக் குழாயில் ஏறத் தொடங்குகிறது. பார்ப்பவர், பிரேக்குக்குள்ளே கொள்ளை கொள்ளையாகக் காற்று இருக்கிறது என்றே நினைப்பார். இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது, இந்தப் பெட்டி மட்டுமல்லாமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதை முதலில் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிரிஞ்சில் சிறிது எண்ணெய் எடுத்து, குழாயிலுள்ள காற்றை முழுவதும் தள்ளிவிட்டு, நிப்பிளில் மாட்டிக்கொள்ளுங்கள். நிப்பிளைத் திறக்காமல், மூடிய நிலையிலேயே சிரிஞ்சை மெதுவாகப் பின்னிழுங்கள். பிரேக் மூடியிருப்பதால் அங்கிருந்து எதுவும் வர வழியில்லை. ஆகவே இப்போது தொடர்ந்து குமிழி வந்தால், அது முழுக்க முழுக்க மூட்டிலிருந்து வருவது. என் பெட்டியில் வந்தது. நிப்பிளின் மேல் குழாயைச் சுற்றி ஒரு சிறிய பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டியதும் நின்றுவிட்டது. ஓரிரண்டு ரூபாய் பெறுமானமுள்ள அந்த டையைத் தயாரிப்பாளர் பெட்டியிலேயே போட்டிருக்கலாம்.

மூட்டு சரியான பிறகும் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நிப்பிளைக் கால் திருப்பு திறந்ததும் அதன் மரைகள் தளர்ந்துவிடுகின்றன. எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது நிப்பிளின் அடிமுனை மட்டுமே, மரைக்குத் தனியாக சீல் கிடையாது. அந்த நேரத்தில் சிரிஞ்சால் பலமாக இழுத்தால், மரைகளின் வழியாகவும் வெளிக்காற்று சுற்றிக்கொண்டு உள்ளே வரும். இதனால்தான் கீழிருந்து இழுப்பதைவிட, கீழிருந்து மேலே தள்ளுவதே ஷிமானோ வகைப் பிரேக்குகளுக்கு உகந்த முறையாக இருக்கிறது: கேலிப்பரில் சிரிஞ்சை மாட்டிப் புதிய எண்ணெயை மேல்நோக்கித் தள்ளினால், குமிழிகள் தாம் இயல்பாகப் போக விரும்பும் திசையிலேயே ஏறிப் புனலில் வந்து வெடிக்கின்றன. மூன்றாவதாக, பலமாக இழுக்கும்போது எண்ணெயில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து, சோடாவில் எழுவதுபோல மிக நுண்ணிய குமிழிகளாக வெளிப்படும். மூட்டிலிருந்து வரும் குமிழி ஒரே இடத்தில், ஒரே சீராக, நிற்காமல் வரும். கரைந்த காற்றின் குமிழி நுண்ணியதாய், பரவலாய்த் தோன்றி, இழுப்பதை நிறுத்தியதும் அடங்கும். பிரேக்குக்குள் உண்மையிலேயே சிக்கியிருந்த குமிழி பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் வந்து, போகப் போகக் குறையும். இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறியப் பழகிவிட்டால், எப்போது நிறுத்துவது என்ற குழப்பம் பெருமளவுக்குத் தீர்ந்துவிடும். ஷிமானோவின் மினரல் ஆயில் செந்நிறமாகவும், மகுராவினுடையது நீலமாகவும் இருப்பதால் குழாயில் குமிழி தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பெட்டியின் குழாயும் நல்ல ஒளிபுகும் தன்மை கொண்டது. அதைப் பாராட்ட வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவருடைய மலைச் சைக்கிளின் பின் பிரேக்கில் இந்தப் பெட்டியின் முழுத் திறனையும் பார்க்க முடிந்தது. டெக்ட்ரோ பிரேக், மினரல் ஆயில். வேறொரு இடத்தில் பிளீடிங் செய்து வாங்கி வந்த பிறகும் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சக்கரத்தையும் பேடுகளையும் முதலில் கழற்றித் தனியே வைத்தோம்; பிளீடிங்கின்போது ஒரு துளி எண்ணெய் பேடில் பட்டாலும் அது வீணாகிவிடும் என்பதால், இந்த ஒழுங்கில் சமரசமே கூடாது. பிஸ்டன்களை முழுவதும் உள்ளே தள்ளி, நடுவே மஞ்சள் கட்டையை வைத்தோம். சிரிஞ்சால் எண்ணெயைத் தள்ளியபோது ஆரம்பத்தில் சில பெரிய குமிழிகள் புனலில் வந்து உடைந்தன, பிறகு சுத்தமான எண்ணெய் மட்டும் ஏறியது. லீவரோ கொஞ்சமும் மாறவில்லை. “ஆன்ட்டி, காத்து வரதே நின்னுடுச்சே, அப்புறம் ஏன் இன்னும் இப்படி இருக்கு?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. குமிழி வருவது நின்றுவிட்டது என்பதால் உள்ளே குமிழியே இல்லை என்று ஆகிவிடாது. அது நகர முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கேலிப்பரைச் சட்டத்திலிருந்து கழற்றி, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் கேலிப்பரை நான்கு பக்கமும் மெதுவாகத் தட்டினேன். நிப்பிளைத் திறந்ததும் பட்டாணி அளவிலான ஒரே ஒரு குமிழி குழாயில் நழுவி ஏறிச் சிரிஞ்சுக்குள் போயிற்று. மூடிவிட்டு லீவரைப் பிடித்தார், பாதி வழியிலேயே டொக்கென்று நின்றது.

காற்று ஒளிந்துகொள்ளும் இடங்கள் குறிப்பிட்ட சிலதான். கேலிப்பருக்குள் பிஸ்டன்களின் பின்புறம், லீவரையும் கேலிப்பரையும் இணைக்கும் குழாயான ஹோஸ் வந்து சேரும் போல்ட்டின் வளைவு, ஹோஸ் மேலேறி இறங்கும் மேடு, லீவருக்குள் பிஸ்டன் நகரும் அறையின் மூலை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஹோஸைக் கீழிருந்து மேலாகச் சுண்டிக்கொண்டே வருவது, லீவரைச் சிறுசிறு அசைவுகளாக அழுத்தி விடுவது, ஹேண்டில்பாரோடு லீவரைக் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை மேலும் கீழும் சாய்ப்பது ஆகிய மூன்றையும் புனல் மேலே பொருத்தியிருக்கும் நிலையில் பொறுமையாகச் செய்ய வேண்டும். லீவரைப் படாரென்று முழுவதும் அழுத்தினால் மூலையில் இருக்கும் குமிழி உடைந்து, பல சிறு குமிழிகளாகி, வெளியேற்றுவது இன்னும் கடினமாகும். கால் அங்குல அசைவே போதும். கடைசிக் கட்டமாக, லீவரைப் பிடித்திருக்கும்போது நிப்பிளை அரை நொடி அளவுக்கு மட்டும் திறந்து மூடுவதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும் என்று ஷிமானோ கூறுகிறது; அழுத்தத்தின் வேகத்தில் கேலிப்பரில் ஒட்டியிருக்கும் குமிழி பெயர்ந்து வந்துவிடுகிறது. இதற்கு நிப்பிளில் ஸ்பேனர் மாட்டியபடியே இருக்க வேண்டும், குழாயும் நழுவக் கூடாது. பெட்டியில் வரும் ஸ்பேனர் மெல்லிய தகட்டால் ஆனதால் நிப்பிளின் முனைகளை மழுக்கிவிடும் அபாயம் இருக்கிறது. வீட்டிலிருக்கும் நல்ல ரிங் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள்.

இரவு முழுவதும் லீவரை அழுத்திய நிலையில் பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரோடு கட்டி வைக்கும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடையே பரவலாக இருக்கிறது. அழுத்தத்தில் நுண்ணிய குமிழிகள் சுருங்கி, ஒரு பகுதி எண்ணெயில் கரைந்துவிடுவதால், காலையில் லீவர் மேம்பட்டிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். முறையாகப் பிளீடிங் செய்த பிறகு மிச்சம் மீதி இருப்பதைத் தீர்க்க அது உதவும். அதை மட்டுமே நம்பி மலை இறங்கக் கூடாது.

சென்னை அடுக்ககங்களில் சைக்கிளை வைத்திருக்கும் விதமும் இதில் சேர்த்தி. இடமின்மையால் முன் சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுகிறோம். லிஃப்ட்டில் பின் சக்கரத்தின் மேல் நிமிர்த்தி ஏற்றுகிறோம். லீவரின் எண்ணெய் அறையில் சிறிது காற்று தங்கியிருந்தால், சைக்கிள் நேராக நிற்கும்வரை அது மேலேயே இருந்து தொல்லை தராது. செங்குத்தாகவோ தலைகீழாகவோ ஆனதும் ஹோஸுக்குள் போகும் துளையைக் கண்டுபிடித்துவிடும். இரவில் தொங்கவிட்ட சைக்கிளின் பிரேக் காலையில் தளர்ந்திருந்து, தெருமுனை தாண்டுவதற்குள் சில முறை அழுத்தியதும் சரியாகிவிட்டால், கோளாறு கேலிப்பரில் இல்லை, லீவரின் அறையில்தான் இருக்கிறது. அப்போது முழு பிளீடிங்குக்கு அவசியமில்லை; புனலை மட்டும் பொருத்தி, எண்ணெய் ஊற்றி, லீவரைச் சாய்த்து அசைத்தாலே காற்று வெளியேறிவிடும். இந்தப் பெட்டியின் புனலுக்காக மட்டுமே இதை வாங்கலாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தப் பயன் அடிக்கடி கைகொடுத்திருக்கிறது. அதே நேரத்தில், சித்திரை வெயிலில் நிறுத்திய சைக்கிளில் எண்ணெயும் விரிவடையும் என்பதால், பிஸ்டன்கள் வெளியே வந்த நிலையில் அளவுக்கு மீறி எண்ணெய் நிரப்பிவிட்டால், பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மஞ்சள் கட்டைகளில் ஒன்று என் ஷிமானோ கேலிப்பரில் தளர்வாக உட்கார்ந்ததால், இந்தத் தவறு நேர வாய்ப்பு இருந்தது. கட்டையின் பக்கத்தில் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி அதைச் சரிசெய்தேன்.

இனி, டாட் திரவத்தின் கதை. எங்கள் குழுவில் ஒருவருடைய சாலைச் சைக்கிளில் டாட் திரவத்தில் இயங்கும் ஸ்ராம் பிரேக் இருக்கிறது. அந்தப் பிரேக்குகளில் கீழும் மேலும் ஒவ்வொரு சிரிஞ்சை மாட்டி, வேலைக்கு முன் சிரிஞ்சிலுள்ள திரவத்தையே இழுத்துப் பிடித்து அதில் கரைந்த காற்றைப் பிரிக்க வேண்டும். பிறகு லீவர்ப் பக்கத்திலும் இழுத்து விட வேண்டும். இந்த முறை முழுவதுமே இழுப்பதை நம்பியிருப்பதால், மூட்டுகளில் துளியும் ஒழுகல் இருக்கக் கூடாது; குழாயை இடையில் அடைக்க இடுக்கிப் பூட்டும் வேண்டும். பெட்டியில் பூட்டு இல்லை. ஸ்ராமின் கேலிப்பருக்கென்று கொடுத்திருக்கும் இணைப்பியில் உள்ள ஓ-ரிங் சரியாக உட்காராததால், எவ்வளவு நேரம் இழுத்தாலும் குமிழி நிற்கவில்லை. முன்பு சொன்ன மூடிய சோதனையைச் செய்தபோது காரணம் இணைப்பிதான் என்று உறுதியாயிற்று. அந்தப் பிரேக்கை நிறுவனத்தின் சொந்தக் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்தே சரிசெய்தார்.

வேறொரு காரணத்தாலும் இரண்டு திரவங்களுக்கும் ஒரே பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. டாட் 3, 4, 5.1 ஆகியவை கிளைக்கால் வகை. மினரல் ஆயில் பெட்ரோலிய வகை. ஒன்றுக்கான ரப்பர் சீல் மற்றொன்றில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். சிரிஞ்சில் எஞ்சியிருக்கும் சிறிதளவே போதும், நல்ல பிரேக் ஒன்றைப் பாழாக்க. பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் இருக்கும் நகரம் இது. கார், மோட்டார் சைக்கிளுக்கான பிரேக் திரவம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அங்கே போய் பிரேக் ஆயில் என்று மட்டும் கேட்டால், “டாட் 3-ஆ, டாட் 4-ஆ, மேடம்?” என்றுதான் கேட்பார்கள், சைக்கிளின் மினரல் ஆயில் அங்கே கிடைக்கும் பொருள் அல்ல, சைக்கிள் கடையிலோ இணையத்திலோதான் வாங்க வேண்டும். பிராண்டின் பெயரை மட்டும் வைத்தும் முடிவுசெய்யக் கூடாது. டாட் திரவத்துக்கே பேர்போன ஸ்ராம் நிறுவனம் 2022-இல் டிபி8 பிரேக்கிலும் 2024-இல் மேவன் பிரேக்கிலும் மினரல் ஆயிலுக்கு வந்துவிட்டது. எந்தத் திரவம் என்பது லீவரின் மேலோ அதன் மூடியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நம் கடற்கரைக் காற்றில், திறந்த புட்டியை அடுத்த ஆண்டுக்கென்று அலமாரியில் வைத்திருப்பது வீண். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் எப்படியாவது தண்ணீர் உள்ளே நுழைந்துவிட்டால், அது எண்ணெயோடு கலக்காமல் தாழ்வான இடமான கேலிப்பரில் தங்கி, 100 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். எனவே மினரல் ஆயிலையும் உரிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியோடு வந்த எண்ணெய்ப் புட்டியில் அது எந்தப் பிரேக்குக்கானது என்ற விவரம் எதுவும் அச்சிடப்படவில்லை. அதை நான் பயன்படுத்தவில்லை. பிரேக் தயாரித்தவர் சொல்லும் எண்ணெயைத் தனியாக வாங்கிக்கொள்வதே சரி. குறிப்புத்தாளில் படங்கள் நகத்தளவு. படித்துச் செய்ய முடியாது. கையுறைகள் மெல்லியவை, ஆனாலும் போதுமானவை. வேலை முடிந்ததும் டிஸ்க்கையும் கேலிப்பரையும் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். அது பெட்டியில் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஒரு பிரேக்குக்குச் சில நூறு ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை வேலை செய்வதற்குள் பெட்டியின் விலை திரும்பிவிடுகிறது. வீட்டில் ஒரே ஒரு சைக்கிள், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பிளீடிங் என்பவர்கள் கடையில் கொடுப்பதே மேல். ஷிமானோ வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் புனலையும், திருகிப் பூட்டும் சிரிஞ்சு ஒன்றையும் தனித்தனியே வாங்குவது இந்தப் பெட்டியைவிடச் சிக்கனமான வழியாகவும் அமையலாம். பலவகை மினரல் ஆயில் பிரேக்குகளைக் கவனிக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்த இணைப்பிகளின் தொகுப்பு பயன்படும். உழைப்பைப் பொறுத்தவரை, புனலும் பித்தளை இணைப்பிகளும் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருக்கின்றன. சிரிஞ்சு ஒன்றின் ரப்பர் அடைப்பு மட்டும் எண்ணெயில் ஊறி உப்பி, தள்ளும்போது விட்டுவிட்டு நகர்கிறது. சீராகத் தள்ள முடியாத சிரிஞ்சு புதிய குமிழிகளைத் தானே உண்டாக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன். மாற்றுச் சிரிஞ்சும், இணைப்பிகளுக்கான ஓ-ரிங்குகளும் இந்த விற்பனையாளரிடம் தனியாகக் கிடைப்பதில்லை. ஓ-ரிங்குகளைப் பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து, மினரல் ஆயிலுக்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் கேட்டு, புதுப்பேட்டையில் வாங்கிக்கொண்டேன்.